மூன்று பேருக்கு ரசம்

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேட்கலாம், நம்பாதவர்கள் நின்றுகொண்டே கேட்கலாம். கேட்காமலே போகிறவர்களுக்குத்தான் கரண்டிகுளம் எங்கே இருக்கிறது என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும், ஏனென்றால் அந்த ஊருக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தென்காசிச் சாலையில் பஸ்ஸில் வருகிறவர்கள், வெயிலில் கவிழ்த்துப் போட்ட அண்டாக்களின் மினுமினுப்பில் எந்த இடத்தில் கண் கூசுகிறதோ அந்த இடத்தில் இறங்கிக்கொள்வார்கள்.

நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்திரண்டு வீட்டு ஆம்பளைகளும் கல்யாணத்துக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளைகள். ஐந்நூறு இலை என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், ஐயாயிரம் இலை என்றால் யோசிக்கவே மாட்டார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். ஒரு தடவை இவர்கள் இறக்கி வைத்த தேங்காய்ப்பால் சொதியின் வாசனை காற்றோடு போய், பந்தியில் மரியாதை குறைந்துவிட்டதென்று கோபித்துக்கொண்டு ரயிலேறிய மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கடம்பூரில் எட்டிப் பிடித்ததாம், அவர் அங்கேயே இறங்கித் தண்டவாளத்தோரமாக நடந்து திரும்பி வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தது உண்மை, நடந்து வந்ததில்தான் ஊரில் இரண்டு கருத்து உண்டு.

இப்பேர்ப்பட்ட ஆம்பளைகள் வீட்டுக்குள் வந்தால் ஒரு தம்ளர் வெந்நீர் போடமாட்டார்கள். சோம்பல் இல்லை. கல்யாண அடுப்பைத் தொட்ட கை வீட்டு அடுப்பைத் தொட்டால் கைமணம் போய்விடும், போனால் திரும்பி வராது, அப்புறம் அந்தக் கையால் சாம்பார் வைத்தாலும் சுடுதண்ணீர் வைத்தாலும் ஒன்றுதான் என்பது அங்கே எல்லாரும் நம்புகிற சங்கதி. யாருக்குப் போயிற்று என்று கேட்டால், “அந்தக் காலத்துல ஒருத்தருக்குப் போயிட்டு” என்பார்கள். அவர் பெயரைக் கேட்டால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். பெண்டாட்டி பிரசவத்துக்குப் போன வீடுகளில் புருஷன்மார் நாலு நாள், ஐந்து நாள் வாழைப்பழத்தை மட்டும் தின்று உயிர் வளர்த்திருக்கிறார்கள்.

அந்த நாற்பத்திரண்டு பேரிலும் பெரிய கை கோலப்பனுடையது. இருபத்து மூன்று வருஷமாக, கல்யாணம் முடிந்து போடுகிற மறுவீட்டு விருந்துக்குச் சொதி என்றால் கோலப்பன். ருசி பார்ப்பது அவனுக்குக் கேவலம்; உருளியிலிருந்து எழுகிற ஆவியை ஒரு தரம் முகர்ந்து, “அரைக் கை போடு” என்பான், அவ்வளவுதான், அதற்கப்புறம் பந்தியில் எவனும் உப்பு கேட்டதில்லை. கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்பான், அடுத்த கல்யாணத்துக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது எழுந்திருப்பான். அவன் பெண்டாட்டி பிரமு பீடி சுற்றுவாள், கையைவிட வாய் வேகம். ஒரே மகள் உலகம்மாள், இரண்டாம் வகுப்பு, ஊர் கூப்பிடுவது உலகு.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் இருபத்தாறு பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே டீச்சர், பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற ஞானசௌந்தரி. ஒருநாள் அவள் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டு, ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொல்லி, துடைப்பம், சைக்கிள், பொம்மை, விமானம் என்று வெட்டி வைத்த படங்களைக் கொடுத்து, எதெது யாருக்கு என்று வைக்கச் சொன்னாள். எல்லாம் அவள் நினைத்தபடிதான் போய் விழுந்தது. கரண்டி வந்தபோது மட்டும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“எந்தக் கரண்டி டீச்சர்?” என்றான் மாசானம், நாலாம் வகுப்பு. “பெரிய கரண்டியா, சின்னக் கரண்டியா? பெருசுன்னா ஆம்பளைக்கு. சிறுசுன்னா பொம்பளைக்கு.”

இரண்டுக்கும் நடுவில் ஒரு கரண்டி உண்டா என்று டீச்சர் கேட்டதற்கு, அப்படி ஒரு கரண்டியை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று இருபத்தாறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவின் படம் வரையச் சொன்னாள். உலகு ஒரு முதுகை வரைந்து, அதன் மேல் ஒரு துண்டை வரைந்து, “முடிஞ்சிட்டு டீச்சர்” என்றாள்.

அதனால்தான் ஞானசௌந்தரி வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி படப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றில் ஒரு பெண்பிள்ளை பனை ஏறினாள். ஒன்றில் ஒரு பையன் தம்பிக்குப் பால் புகட்டினான். பன்னிரண்டு பக்கம் உள்ள ஒரு புத்தகத்தில், அம்மா பஸ் ஓட்டப் போய்விட, அப்பா மகள் சின்னியை எழுப்பி, சமைத்து, தலை பின்னி, துணி துவைத்து, கடைசிப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சர் அதை எடுத்து வாசித்தாள்.

“அப்பா தோசை சுடுகிறார்.”

“பொய்” என்றார்கள் பிள்ளைகள்.

மறுபடியும் வாசித்தாள். “எத்தனை இலைக்கு?” என்று கேட்டான் மாசானம். மூன்றாவது தரம் வாசித்தாள், அவளுக்கும் கொஞ்சம் கோபம் வந்திருந்தது, குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் வாசித்தாள், அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டது மாதிரி படத்திலிருந்த அப்பா தோசைக்கல்லோடு பக்கத்தை விட்டு இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, பிள்ளைகளின் நடுவே நின்றார்.

ஆள் சரியான உயரம்தான், மஞ்சள் சட்டை, இரண்டு காற்புள்ளியைப் படுக்கப் போட்ட மாதிரி மீசை. படம் போட்டவர் முகத்தைச் சற்றுத் திருப்பிப் போட்டிருந்தபடியால் காது ஒன்றுதான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆள் இல்லை, ஒரு கோடுதான் இருந்தது. மின்விசிறிக் காற்றில் அவர் எழும்பிப் போய்க் கரும்பலகையில் ஒட்டிக்கொண்டார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விசிறியை நிறுத்தி, அவரை இறக்கி, பாதத்துக்கு ஒன்றாக இரண்டு சிலேட்டை வைத்தார்கள். அப்புறம் எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து தோசை வாங்கித் தின்றார்கள். முதல் வாய் புதுப் புத்தகம் மாதிரி இருந்தது, இரண்டாவது வாய் தோசை மாதிரியே இருந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்ன செய்தி, ‘பள்ளிக்கூடத்துல ஒரு அப்பா வந்திருக்காரு’ என்பதுதான். காகிதம் என்பதைப் பாதிப் பேர் சொல்லவே மறந்துவிட்டார்கள்.

நாளுக்கு ஒரு பக்கமாக அவர் வேலை பார்த்தார். ஒருநாள் துணி துவைத்தார், தண்ணீரில் படாமல் கைப்பிடி நீளமான பிரஷ்ஷால் துவைத்தார். ஒருநாள் தலை பின்னினார், பதினோரு பெண்பிள்ளைகளுக்கும் பின்னி முடித்து நிமிர்ந்தால் பதினைந்து பையன்களும் வரிசையில் நின்றார்கள். சத்துணவு சமைக்கிற அம்மாள், ஒத்தாசைக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு ஆளை அரசாங்கம் போட்டிருக்கிறது, கொஞ்சம் மெலிவாகப் போட்டிருக்கிறது என்றாள். அவர் வாயில் வந்தது புத்தகத்தில் எழுதியிருந்த ஆறே வாக்கியம்; எதைக் கேட்டாலும் அந்த ஆறில் ஒன்றைத்தான் எடுத்துச் சொல்வார், அச்சடித்த தமிழில், ஒரு எழுத்தை விழுங்காமல்.

“ஒமக்கு எந்த ஊருய்யா?” என்று பெண்கள் கேட்டார்கள்.

“அம்மா பேருந்து ஓட்டப் போய்விட்டார். மாலையில் வருவார்” என்றார் அவர்.

அன்றிலிருந்து பெண்கள் சாயங்காலமானால் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்து, வருகிற பஸ் எல்லாவற்றிலும் டிரைவர் யார் என்று எட்டிப் பார்த்தார்கள். டிரைவர்கள் பயந்து போய் மெதுவாக ஓட்டினார்கள். கரண்டிகுளத்தில் அந்த வருஷம் ஒரு கோழிகூட பஸ்ஸில் அடிபடவில்லை.

கோலப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம், கடையத்தில் ஒரு சடங்கு என்று முடித்துவிட்டு ஆறாம் நாள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போலத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சொன்னான்:

“ஏட்டி உலகு, அப்பாவுக்குத் தண்ணி கொண்டா.”

தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

“அந்த அப்பா அவங்களே மோந்து குடிப்பாங்க.”

கோலப்பன் துண்டை எடுத்தான். “எந்த அப்பாட்டி?”

“பள்ளிக்கூடத்து அப்பா. நீங்க கல்யாணத்து அப்பா. அவங்க வீட்டு அப்பா.”

“பிரமு, இது என்ன பேச்சு பேசுது?”

பிரமு பீடி இலை வெட்டுகிற கத்தரியை நிறுத்தாமல், “அது சரியாத்தான் பேசுது. உங்களுக்குத்தான் காதுல சாம்பார் அடைச்சிருக்கு” என்றாள்.

மறுநாள், கல்யாணப் பாத்திரங்களை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் தவசுப்பிள்ளைகள் சங்கம் கூடியது. ஊருக்குள் ஒரு ஆம்பளை அடுப்படியில் நிற்கிறான், சங்கத்தில் ஆள் இல்லை, யாரிடம் தொழில் படித்தான் என்று தெரியாது, இதை எப்படி விடுவது? காகித அப்பாவைச் சுருட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து, விரித்து, சங்கத் தலைவர் செண்பகராமன் முன்னால் நிறுத்தினார்கள். செண்பகராமனுக்கு எழுபது வயது, வயிறு ஒரு உருளி.

“இங்க பாரும் வே, ஐந்நூறு இலைக்கு அவியல் வையும் பாப்போம்.”

“இன்று என்ன சமைக்கலாம்?” என்றார் காகித அப்பா.

“அவியல்னு சொல்லுதேன்லா!”

அவர் தோசைக்கல்லை எடுத்து நாலு தோசை சுட்டார். கிட்டங்கியில் சிரிப்பு எழுந்து, கவிழ்த்து வைத்த அண்டாக்களெல்லாம் அதிர்ந்தன. வாசலில் நின்ற பிரமு சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

“அவருக்கு ஐந்நூறு பேருக்கு வைக்கத் தெரியல, சரிதான் மாமா. இங்க இருக்கறதுல யாருக்கு நாலு பேருக்கு வைக்கத் தெரியும்? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. “தெரியாதுன்னு இல்லம்மா” என்றார் செண்பகராமன், “கைமணம்னு ஒண்ணு இருக்குல்லா.” எல்லாரும் அதுதானே, அதுதானே என்றார்கள். கோலப்பனும் அதுதானே என்றான், ஆனால் சற்றுப் பிந்திச் சொன்னான். மகள் சொன்ன வார்த்தை அவன் காதுக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் ஞானசௌந்தரி டீச்சர் கோலப்பன் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் அந்தப் புத்தகம்.

“உலகு அப்பா, கொஞ்சம் உக்காந்து பாருங்க” என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அப்பா இருந்த இடம் வெள்ளையாக, ஆள் வடிவத்தில் வெட்டி எடுத்த மாதிரி கிடந்தது. அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் சின்னி தனியாக நின்றாள். முதல் நாள் அவள் வாய் சிரித்தபடி இருந்தது என்றாள் டீச்சர், இப்போது நேர்கோடாகிவிட்டது, பின்னிவிட ஆளில்லாமல் தலைமுடி பறந்துகொண்டிருந்தது.

“இவரு திரும்பிப் போகத்தான் செய்வாரு. கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கு பாருங்க, ‘அப்பாவும் மகளும் கை கோத்து வீட்டுக்குப் போகிறார்கள்.’ பன்னிரண்டாம் நாள், வாற சனிக்கிழமை. அன்னைக்கு அவர் கையை யாரு பிடிச்சிருக்காங்களோ அவங்களையும் கூட்டிட்டுத்தான் போவாருன்னு பிள்ளைங்க பேசிக்கிடுதாங்க. எனக்கும் அப்படித்தான் படுது.”

“போகட்டும். எனக்கென்ன?”

“உலகு பென்சிலை எல்லாம் பங்கு வச்சுக் குடுத்துட்டா. ரப்பரை மாசானத்துக்குக் குடுத்துட்டா. சனிக்கிழமை நான் போறேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டா.”

கோலப்பன் அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தான். அப்புறம், அந்த ஆளை அறையில் போட்டுப் பூட்டினால் என்ன என்றான். பூட்டிப் பார்த்தாயிற்று என்றாள் டீச்சர், கதவுக்கு அடியில் வந்துவிடுகிறார். மகளைப் பூட்டினால் என்ன என்று அவன் கேட்க வாயைத் திறந்தான், பிரமு பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலையில், கரண்டிகுளத்தின் வரலாற்றில் அதற்கு முன் நடக்காத ஒரு காரியமாக, கோலப்பன் தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் போய் நின்றான். பிரமு பீடித் தட்டோடு ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். ரசம் வைக்கலாம் என்று தீர்மானித்தான், ரசம்தான் சுலபம், ரசம் வைக்கத் தெரியாதவன் தவசுப்பிள்ளையா? கண்ணை மூடிக்கொண்டான், கண்ணை மூடினால் கை தானாக வேலை செய்யும், இருபத்து மூன்று வருஷமாக அப்படித்தான் செய்திருக்கிறது, கை புளியை அள்ளியது, பருப்பை அள்ளியது, மிளகை அள்ளியது, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது, பிரமு குடத்தைக் கொடுத்தாள், அண்டாவைக் கொடுத்தாள், பக்கத்து வீட்டு அண்டாவை வாங்கிக் கொடுத்தாள், முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் கொடுத்தாள், வாயைத் திறக்கவேயில்லை. கோலப்பன் கண்ணைத் திறந்தபோது முந்நூறு பேருக்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

உலகு பள்ளிக்கூடத்துப் பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ரசத்தை ஊர் இரண்டு நாள் குடித்தது. எருமைகள் குடித்தன. ஜலதோஷம் பிடித்திருந்தவர்களுக்கெல்லாம் குணமாகி, பிடிக்காதவர்களுக்கு ஏப்பம் வந்தது. செண்பகராமன் தெருவில் நின்றுகொண்டு, “போச்சு, கோலப்பன் கை போச்சு, ரசத்துல மணமே இல்ல” என்று சொல்லிக்கொண்டே மூன்று தம்ளர் குடித்தார்.

“கோலப்பா, விளையாட்டு வேண்டாம்டே. சனிக்கிழமை தென்காசியில ரெண்டாயிரம் இலை, மறுவீட்டுச் சொதி. உன் பேரைச் சொல்லித்தான் கேட்டிருக்காவ. இன்னொரு நாள் இந்த அடுப்புல கை வச்சேன்னு கேள்விப்பட்டா உன்னைய நான் எந்த முகத்தோட கூட்டிட்டுப் போவேன்?”

“வைக்க மாட்டேன் அண்ணாச்சி” என்றான் கோலப்பன். பத்தாம் நாள் வைத்தான். தொண்ணூறு பேருக்கு வந்தது. உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான், பெருங்காயம் வருகிறதா, வரவில்லையா என்று அவனுக்கே பிடிபடவில்லை. பதினோராம் நாள், விரல்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இரண்டே விரலால் அள்ளியும் முப்பது பேருக்கு வந்தது. விடிந்தால் சனிக்கிழமை. அவன் கயிற்றை அவிழ்க்காமலே பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

காகித அப்பா சத்துணவு அடுப்பின் ஓரத்தில் நின்று ஒரு சின்னச் சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். உலகு அவர் பக்கத்தில் நின்றாள். கோலப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்று, தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனைப் பார்க்கிற மாதிரி, அவர் கையை மட்டும் பார்த்தான். அளவு ஒன்றும் பிரமாதம் இல்லை. கை ஒன்றும் பெரிய கை இல்லை. படத்துக்கு உள்ளே போட்ட உப்பு எவ்வளவோ அவ்வளவு உப்பைப் போட்டார், கரண்டியில் ஒரு சொட்டு எடுத்தார், ஊதினார், உலகின் வாயருகே கொண்டுபோனார்.

“உப்பு போதுமா?” என்றார்.

உலகு கண்ணை மூடிக்கொண்டு ருசித்தாள். ஊர்ப் பஞ்சாயத்தே அவளைத் தீர்ப்புக்குக் கேட்டது மாதிரி நிதானமாக யோசித்து, “போதும்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தான் கோலப்பன். ஏழு வருஷத்தில் அந்த முகத்தை அவன் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இருபத்து மூன்று வருஷத்தில் அவன் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டால் சமையல்காரன் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டான், சாப்பிட்ட இலையை மடிக்கிற விதத்தை வைத்தே தெரிந்துகொள்வான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, தென்காசிக்குப் போகிற வேன் வாசலில் வந்து நின்றது. மேலே உருளிகள், உள்ளே ஆட்கள், முன் சீட்டில் செண்பகராமன். ஹாரன் அடித்தார்கள். உள்ளே கோலப்பன் அடுப்பில் ஒரு சின்ன ஈயச் செம்பை வைத்து, கயிறு கட்டாத கையால், கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று ஆள் என்று வாய்விட்டு எண்ணி எண்ணி மிளகு போட்டுக்கொண்டிருந்தான்.

உலகு தலை வாரிப் பொட்டு வைத்து வந்து வாசற்படியில் நின்றாள். பையில் ஒன்றும் இல்லை, ஒரு பாவாடை மட்டும் மடித்து வைத்திருந்தாள்.

“அம்மா, நான் போறேன்” என்றாள்.

போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. பிரமுவின் கையிலிருந்து பீடித் தட்டு நழுவித் தரையெல்லாம் தூள் பறந்தது. வேன் இரண்டாவது தரம் ஹாரன் அடித்தது.

“உலகு” என்றான் கோலப்பன். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து ஊதினான். “இங்க வாம்மா. உப்பு… உப்பு போதுமா?”

அவள் சந்தேகத்தோடுதான் வந்தாள். நக்கிப் பார்த்தாள்.

“பத்தல.”

போட்டான். “இப்ப?”

“கூடிட்டு.”

தண்ணீர் ஊற்றினான். “இப்ப?”

“இப்பத் தண்ணியா இருக்கு. புளி எங்க?”

“ஏய் கோலப்பா!” என்று வேனிலிருந்து செண்பகராமன் கத்தினார். “ரெண்டாயிரம் இலை காத்துக்கிட்டு இருக்கு, வாறியா, இல்லியா? இல்லாட்டி நான் கரண்டியைப் பிடிக்கேன்!”

“பிடிங்க அண்ணாச்சி. இங்க புளி பத்தலையாம்” என்றான் கோலப்பன், திரும்பிப் பார்க்காமல்.

வேன் போகிற சத்தம் கேட்டது. அது சாலையில் ஏறித் தேய்கிறவரைக்கும் பிரமு அசையவில்லை. அந்தச் சத்தத்தோடு அவன் பெயரும் தென்காசி வரைக்கும் போய், அங்கே இறங்கி, வேறொருவன் தோளில் ஏறிக்கொள்ளும் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கோலப்பன் வேர்த்து விறுவிறுத்து, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு புளியைக் கரைத்தான். பெருங்காயம் போட்டு, அது அதிகமென்று திட்டு வாங்கினான். கொத்தமல்லியை எங்கே வைத்திருக்கிறது என்று தெரியாமல் வீடெல்லாம் தேடினான், “உங்க மூக்குக்கு முன்னாடி” என்றாள் மகள். அப்போது பள்ளிக்கூடத்து மணி அடித்தது.

உலகு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோலப்பன் ஒரு கணம் நின்றான். அப்புறம், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, இருந்த ரசத்தில் பாதியைத் தூக்குவாளியில் ஊற்றி மூடிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பின்னாலேயே ஓடினான். பிரமு அவன் பின்னால் ஓடினாள். ஒரு தவசுப்பிள்ளை ஒற்றைத் தூக்குவாளியோடு தெருவில் ஓடுவதைப் பார்த்து, என்னவோ ஏதோவென்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஓடினார்கள்.

பள்ளிக்கூடத்தில் புத்தகம் மேசை மேல் கடைசிப் பக்கத்தில் விரித்திருந்தது. காகித அப்பா அதன் பக்கத்தில் நின்று, விரலைப் பிரித்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“வா, கை கோத்து நடப்போம்” என்றார்.

உலகு அவர் எதிரில் போய் நின்றாள். அந்தக் கையைப் பார்த்தாள், புத்தகத்துக்குள் முடி பறக்க நிற்கிற சின்னியைப் பார்த்தாள். திரும்பி வாசலில் மூச்சு வாங்க நிற்கிற அப்பாவைப் பார்த்தாள், அவன் மீசையெல்லாம் மிளகுத் தூள்.

“இல்ல, நீங்க போங்க” என்றாள். “சின்னி தேடும். எங்கப்பாவுக்கு இன்னும் உப்பு தெரியல, புளி தெரியல, கொத்தமல்லி இருக்கற இடங்கூடத் தெரியல. நான் வந்துட்டா ரொம்பச் சங்கடப்படுவாங்க.”

டீச்சர் மூக்கைச் சிந்தினாள். காகித அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை, அவரிடம் அதற்கு வாக்கியம் கிடையாது. கோலப்பன்தான் முன்னால் வந்து அந்தக் கையில் தூக்குவாளியை மாட்டினான். காகிதக் கை சற்றுத் தாழ்ந்தது, கிழியவில்லை.

“இது உங்க பிள்ளைக்கு” என்றான். “குடுத்து, கேட்டுப் பாருங்க.”

அவர் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பினார். அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள், அவருக்கு முதுகு இல்லை, பின்பக்கம் முழுக்க எழுதாத வெள்ளை. மேசைமேல் ஏறி, பக்கத்துக்குள் கால் வைத்து, தூக்குவாளி சிந்தாமல் மெல்ல உள்ளே இறங்கி, வெள்ளையாகக் கிடந்த தன் இடத்தில் சரியாகப் போய் நின்றார். தூக்குவாளியும் தட்டையாகி, நீலக் கோட்டில் அவர் கையில் தொங்கியது. பன்னிரண்டு பக்கமும் நிறைந்தன. டீச்சர் புத்தகத்தை மூடி, நேரமாகிவிட்டது என்று வருகைப் பதிவேட்டை எடுத்தாள்.

தென்காசியில் அன்று சொதி எப்படி இருந்தது என்பது வேறு கதை. செண்பகராமன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கோலப்பனுக்குக் கைமணம் போயிற்றா, இருக்கிறதா என்று ஊர் இன்னும் இரண்டு கட்சியாக இருக்கிறது. எது எப்படியோ, அடுத்த மாதம் சங்கத்தில் இன்னும் நாலு பேர் வீட்டில் முந்நூறு பேருக்கு ரசம் வைத்ததில் எருமைகளுக்கு வயிறு கெட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் உலகு அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சடித்த எழுத்தில், புதிதாக ஒரு வரி வந்திருந்தது. கோலப்பனுக்கு வாசிப்பு அவ்வளவு ஓட்டம் இல்லை, மகள் விரலை வைத்துக் காட்டக் காட்ட, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

‘ரசத்தில் உப்பு சற்றுக் கூடுதல் என்றாள் சின்னி.’

இருபத்து மூன்று வருஷம், எத்தனை ஆயிரம் இலை, ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. கோலப்பன் அதை மூன்று தரம் வாசித்தான். முதல் தரம் காது சிவந்தது. இரண்டாவது தரம் தாடையைச் சொறிந்தான். மூன்றாவது தரம் வாசித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான்.

“ஏன் பிரமு, அப்படியா? நீயும் குடிச்சியே அன்னைக்கு. எப்படி இருந்துச்சு?”

பிரமு கத்தரியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் முதல் தடவையாக அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான். மடியைத் தட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகப் பதில் சொன்னாள்.

“உப்பு கிடக்கட்டும். பருப்பே வேகல.”